நின்ற இடத்தில் அணையும் வண்டி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்துவிட்டால், யாராவது ஒருவர் தன்னுடைய முதல் வண்டியைப் பற்றி ஆரம்பித்துவிடுகிறார். உதைத்து உதைத்துக் கணுக்கால் வீங்கியது, பாதி மலையில் ப்ளக்கைக் கழற்றி வேட்டியில் துடைத்தது, புகைக்கு மிரண்டு கட்டை வண்டி மாடுகள் ஓடியது என்று பேச்சு போகும். நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். பெண்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று நீங்களும் என் பக்கம் திரும்புவதில்லை. இன்று நான் சொல்கிறேன், கேளுங்கள். ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் ஓடும்போது நன்றாக ஓடிவிட்டு, நின்ற இடத்தில் மட்டும் ஏன் அணைந்துபோகிறது என்று எனக்குத் தெரியும். பத்து வயதில் தெரிந்துகொண்டது. அந்த வருஷக் குளிர்காலத்தில்தான் ஒரு மனுஷிக்கு நான் ஒரு காரியம் செய்தேன்.

அப்போது காவலூரில் இருந்தோம். வானத்தைப் பார்க்கிற பெரிய கட்டடங்கள் அங்கே வருவதற்குச் சில வருஷம் முந்தி. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். பெரியம்மைக்குத் தடுப்பாக அம்மைப்பால் குத்தும் உத்தியோகம் நைனாவுக்கு. மலையில் இருக்கிற ஒவ்வொரு சிற்றூருக்கும் போய், பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து, கையில் அம்மைப்பாலைக் கீறிவிட வேண்டும். எட்டாம் நாள் மறுபடியும் போய் அது கொப்புளமாக எழும்பியிருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டும். என் அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நைனாவும் நானும் மட்டும்தான்.

நடந்தே சுற்றிக்கொண்டிருந்த நைனா அந்த வருஷம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினார். வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஷாப்பு வைத்திருந்த பாய் ஒருவரின் மகன் ஓட்டி அலுத்துப்போன வண்டி. கருஞ்சிவப்பு டாங்கு, இரண்டு பக்கமும் முழங்கால் படுகிற இடத்தில் ரப்பர். பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டிய வகை. கலக்கும் வேலை என்னுடையது. நைனாவின் மருந்துப் பெட்டியில் இருந்த அவுன்சு கிளாஸில் கோடு பார்த்து ஆயிலை ஊற்றுவேன். நைனா பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து புனலைப் பிடித்துக்கொள்வார். அந்த ஐந்து நிமிஷத்துக்காகவே பள்ளிக்கூடம் விட்டு ஓடிவருவேன். ஊற்றும்போது கோட்டுக்கு மேல் இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று விட்டுவிடுவேன். நைனாவைச் சுமக்கிற வண்டி, அதற்குத் தெம்பாக இருக்கட்டும் என்று.

வண்டி ஓடும்போது ஒரு குறையும் இருக்காது. கைப்பிடியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை நன்றாகச் சத்தம் போடும். ஊர் வாசலில் யாரையாவது வழி கேட்பதற்காகவோ, எதிரே வரும் மரம் ஏற்றிய லாரிக்கு ஒதுங்குவதற்காகவோ நின்றால், நாலு தரம் இருமிவிட்டு அணைந்துவிடும். பிறகு உதைக்க வேண்டும். உதைத்தால் பிடிக்காது. ஏற்றமாக இருந்தால் திருப்பி இறக்கத்தில் தள்ளிக்கொண்டு ஓட வேண்டும். நைனா ப்ளக்கைக் கழற்றுவார். கரி படிந்து ஈரமாக இருக்கும். அதை அடுப்புச் சாம்பலில் வைத்துச் சூடாக்கி மறுபடி மாட்டுவார். அதற்கும் சரிப்படாமல் கார்ப்பரேட்டரைக் கழற்றி, அதற்குள் இருக்கிற ஜெட்டு என்கிற கடலைப் பருப்பளவு பித்தளைத் துண்டை எடுத்து, அதன் நடுவில் உள்ள மயிரிழைத் துளையை ஒரு ஊக்கால் குத்திக் குத்திச் சுத்தம் செய்வார். "இப்பப் பாரு, சும்மா நின்னு ஓடும்" என்பார். ஓடாது.

கடைசியில் வாணியம்பாடிக்கு எடுத்துக்கொண்டு போனார். தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் ஒருவர் லாரியும் மோட்டார் சைக்கிளும் ரிப்பேர் பார்க்கும் ஷெட் வைத்திருந்தார். முதல் தடவை அன்றே திரும்பினார். இரண்டாம் தடவை அடுத்த நாள் வந்தார். மூன்றாம் தடவை போய்வந்து, எனக்குப் பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டு, அந்த ஷெட்டுக்காரருக்கு ஒரு தங்கை இருக்கிறாள், உனக்கு அம்மாவாக வரப்போகிறாள் என்று சொன்னார். பழத்தைக் கையில் வைத்தபடி நான் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது சரியாக நின்று ஓடியிருந்தால் இவர் ஏன் அங்கே போயிருக்கப் போகிறார் என்று அந்த வயதிலேயே தோன்றியது.

ஐப்பசியில் கல்யாணம். ஆலங்காயத்திலிருந்து வந்த பஸ்ஸில் ஒரு டிரங்குப் பெட்டியோடு சின்னம்மா இறங்கினாள். நல்ல உயரம். வலது கைக் கட்டை விரலில் பழைய தீக்காயத் தழும்பு. வாசலில் ஆலம் சுற்றினார்கள். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நின்றேன். என்னைத்தான் முதலில் பார்ப்பாள், கன்னத்தைத் தொடுவாள், நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் செய்து வைத்திருந்தேன். சின்னம்மா என் தலைக்கு மேலாகப் பார்த்தாள். தாழ்வாரத்தில் சாக்குப் போட்டு மூடியிருந்த வண்டியைப் பார்த்தாள்.

"இன்னாங்க, வண்டிய மழச்சாரல்ல வெச்சிக்கீறீங்க? தண்ணி எறங்கிடாது?"

அதுதான் எங்கள் வீட்டில் அவள் பேசிய முதல் வார்த்தை.

ஒரு வாரம் போனது. ஒரு நாள் சாயங்காலம் நைனா வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார். சின்னம்மா மாவு பிசைந்த கையோடு வெளியே வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஏங்க, காத்துக் கம்மியா போவுது. பெட்ரோலு ஜாஸ்தி."

"உனக்கு இன்னா தெரியும்?"

"எங்க அண்ணன் ஷெட்டுல கீழ வெச்ச அளவு அது. இங்க மேல ஏற ஏறக் காத்து இளைச்சிப் பூடுதில்ல? பெட்ரோலு மட்டும் அதே அளவு வருது. அதான் மூச்சு முட்டி அணையுது."

நைனாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பெண்பிள்ளை வண்டிக்கு வைத்தியம் சொல்கிறாள் என்று எதிர்வீட்டுக் கடுக்காய் வியாபாரி பார்த்துச் சிரித்தது வேறு. ஆனாலும் மறுநாள் காலையில், தெருவில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "சரி, இன்னா பண்ணணும்னு சொல்லு" என்றார்.

சின்னம்மா சொல்லவில்லை, செய்தாள். உள்ளே போய் ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்துவந்தாள். விளிம்பில் நீலக்கோடு போட்ட தட்டு. அது என் அம்மா சாப்பிட்ட தட்டு. அவளுக்கு அது தெரியாது. நைனாவுக்குத் தெரியும், அவர் ஒன்றும் சொல்லவில்லை. கார்ப்பரேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு பாகமாக அந்தத் தட்டில் வைத்து, பெட்ரோலை ஊற்றிக் கழுவினாள். ஜெட்டை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தாள்.

"இத்த எதுலங்க குத்துனீங்க?"

"ஊக்குல."

"ஊக்கா! ஓட்ட பெருசாப் பூட்ச்சிங்க. கம்பி படவே கூடாது இதுல. பித்தள மெத்துனு இருக்கும்."

டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு தகர டப்பா வந்தது. அதில் அவள் அண்ணன் ஷெட்டிலிருந்து கொண்டுவந்த சில ஜெட்டுகள் இருந்தன. அவற்றோடு ஜட்கா குதிரையின் வால் மயிர் ஒரு கொத்து. எங்கள் வண்டிக்குப் பொருந்திய ஜெட்டை எடுத்து, ஒரு மயிரை அதன் துளைக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினாள். நைனா தன் பொண்டாட்டியின் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் நைனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு என் பக்கம் திரும்பினாள். "கண்ணு, ஆயிலு நீ தான கலக்குற? எவ்ளோ ஊத்துற, காட்டு பாக்கலாம்."

நான் பெருமையாக ஊற்றிக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். கெட்ட சிரிப்பு இல்லை. "கோட்டத் தாண்டிப் போவுது பாரு. அதான் ப்ளக்கு கரி புடிக்கிது. அந்தப் பொகையும் அதான்" என்றாள். நைனாவும் சிரித்தார். "ஓஹோ, என் பொண்ணுதான் எனக்கு எமனா?" என்று என் தலையில் தட்டினார்.

எழுபது வயதுக்கு மேலும், தலையில் விழுந்த அந்தத் தட்டு எனக்கு வலிக்கிறது. அடுத்த நாளிலிருந்து ஆயில் கலக்கும் வேலையைச் சின்னம்மாவே செய்தாள். யாரும் என்னிடமிருந்து அதைப் பிடுங்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டு நான் வருவதற்குள் கலந்து முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

வண்டி சரியாகிவிட்டது. கார்ப்பரேட்டரின் பக்கவாட்டில் இருக்கிற சின்னத் திருகாணியை முழுக்க மூடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, கண்ணை மூடிக் கேட்டு, சத்தம் இழையும் இடத்தில் நிறுத்தினாள். கைப்பிடியை விட்டும் வண்டி நின்ற இடத்தில் தட்டுத் தட்டென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேல் வைத்திருந்த தண்ணீர் டம்ளர் விழாமல் நடுங்கிக்கொண்டு நின்றது. நைனா சின்னப் பையன் மாதிரி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

கார்த்திகை, மார்கழி முழுக்க அப்படியே போனது. வீட்டுக் கூரையில் பனி சொட்டும். சாமை அறுத்த கொல்லைகளிலிருந்து வைக்கோல் வாசனை வரும். வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு பேரும் வண்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். அவர்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. எனக்கு அது புரியாத பாஷை. ப்ளோட்டு, ஊசி, காத்து, கால் திருப்பு. என் அம்மாவோடு நைனா சேர்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. அம்மா பரிமாறுவாள், நைனா சாப்பிடுவார். இவளோடு தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து சிரிக்கிறார். அம்மாவுக்காகத்தான் எனக்கு வயிறு எரிகிறது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அது பொய். எனக்காகத்தான் எரிந்தது.

சின்னம்மா என்னையும் கூப்பிடாமல் இல்லை. "வா கண்ணு, இத்தப் புடி" என்று ஒரு தடவை ஸ்பேனரை நீட்டினாள். "எனக்குப் படிக்கிற வேலை கீது" என்று எழுந்து போனேன். போய்க் கதவிடுக்கில் நின்று பார்த்தேன். அவள் கூந்தலில் பெட்ரோல் வாசனை அடிக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்தேன். அவள் வைத்த குழம்பு நன்றாக இருந்த நாட்களில் வேண்டுமென்றே மீதி வைத்தேன்.

தை மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு ஊரில் ஒருவருக்குப் பெரியம்மை கண்டிருக்கிறது என்று சேதி வந்தது. ஊர் முழுக்கக் குத்தியாக வேண்டும். அம்மைப்பால் மறுநாள் மத்தியான பஸ்ஸில் ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வரும். ஐஸ் கரைவதற்குள் கொண்டுபோய்க் குத்தாவிட்டால் பால் கெட்டுவிடும். வண்டி இருந்ததால் நைனா கவலைப்படவில்லை. பாதை முடிகிற இடம்வரை வண்டியில் போய்விட்டால் மிச்சம் ஒரு மணி நேர நடைதான்.

அன்று சாயங்காலம் வண்டியை ஓடவிட்டு இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். நைனா அவளிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்கும் என்று நினைத்திருக்க மாட்டார்.

"நீ வந்தப்புறம்தான் இந்த வூட்ல ஒரு சத்தம் ஒழுங்காக் கேக்குது."

அப்படியானால் அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு வருஷம் பேசிக்கொண்டிருந்ததெல்லாம் என்ன சத்தம்?

சனிக்கிழமை காலையில், தூரப் பயணம் என்பதால் கார்ப்பரேட்டரை ஒரு முறை கழுவிவிடலாம் என்று சின்னம்மா பிரித்தாள். நைனா பஸ் வரும் இடத்துக்குப் போய்விட்டார். பாகங்கள் எல்லாம் அம்மாவின் தட்டில், பெட்ரோலில் கிடந்தன. அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு அவள் உள்ளே ஓடினாள். நான் தட்டின் பக்கத்தில் போய் நின்றேன். ஜெட்டை எடுத்தேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வாயில் போட்டுக்கொண்டேன்.

நாக்கு எரிந்தது. பெட்ரோலும் பித்தளையும் கலந்த கசப்பு மூக்குவரை ஏறியது. சின்னம்மா வந்து தட்டைப் பார்த்தாள். குனிந்து தரையைப் பார்த்தாள்.

"இங்க ஒரு ஜெட்டு இருந்திச்சே கண்ணு, பாத்தியா?"

நான் தலையை ஆட்டினேன், இல்லை என்று. அவள் மறுபடி தரையில் தேட ஆரம்பித்தவுடன் தெருவைத் தாண்டி ஓடினேன். கடுக்காய் வியாபாரி வீட்டு வாசலில் கடுக்காயை மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தோல் பதனிட வாணியம்பாடிக்குப் போகிற சரக்கு. வாய் திறந்திருந்த ஒரு கோணியில் குனிந்து, துப்பிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன் என்று சொல்ல ஆசைதான். அப்படி நினைக்கவில்லை. நான் அங்கேயே நிற்கும்போது ஒரு ஆள் கோணி ஊசியால் அந்த மூட்டையின் வாயைத் தைத்தான். லாரி கிளம்பிப் போனது.

டப்பாவில் வேறு ஜெட்டு இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இந்த வண்டிக்குப் பொருந்துவது அது ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் அவள் முதலிலேயே மாட்டிவிட்டிருந்தாள். ஊக்கால் குத்திப் பெரிதாக்கிய பழையதை அன்றைக்கே தூக்கி எறிந்தாயிற்று.

நைனா பிளாஸ்க்கோடு வந்தார். விஷயத்தைக் கேட்டு நின்றார். "நல்லாத் தேடினியா?" என்றார் முதலில். அவரும் மண்டியிட்டுத் தேடினார். பிறகு எழுந்தார். நெற்றியில் வியர்வை.

சின்னம்மா சொன்னாள், "ஏங்க, ஒரு வழி கீது. ஜெட்டு மாட்ற எடத்துல மூங்கில் சிம்ப செதுக்கி அடச்சிட்டா, பெட்ரோலு வழியாது. நின்னா அணையும், ஆனா கைப்பிடிய வுடாம ஓட்டிக்கினே போனா போய்ச் சேந்துடலாம். எங்க அண்ணன் ஒருக்கா..."

"நீ கை வெச்சது போதும்!" நைனா கத்தினார். அவர் கத்தி நான் அதற்கு முன் கேட்டதில்லை. "பொம்பள கைல வண்டியக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும். ஊரு பூரா பெரியம்ம வந்து நிக்குது, இவ மூங்கில் சிம்பு செதுக்கறாளாம். இன்னியோட இந்த வண்டிய நீ தொடாத. சொல்லிட்டேன்."

தட்டைக் காலால் தள்ளினார். பெட்ரோல் மண்ணில் ஓடியது. பிளாஸ்க்கையும் பையையும் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தே கிளம்பினார். எதிர்வீட்டில் எல்லோரும் வெளியே வந்து பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன இருந்தது என்று மறைக்காமல் சொல்கிறேன். சந்தோஷம். நைனா போய் முதல் வளைவில் மறைகிறவரை அது இருந்தது.

சாயங்காலம் சின்னம்மா எனக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். எனக்கு ஏப்பம் ஏப்பமாக வந்தது. குடிக்க முடியவில்லை. அவள் என் முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாவுச் சல்லடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். வண்டி நின்றிருந்த இடத்து மண்ணைக் களைக்கொத்தால் சுரண்டி, சல்லடையில் போட்டுச் சலித்தாள். கல்லும் சிப்பியும் கூரை ஓட்டுச் சில்லும் மேலே நின்றன. அவற்றை விரலால் தள்ளிப் பார்த்தாள். அடுத்த பிடி. நான் கொஞ்ச நேரம் நின்றேன். தாங்கவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் மண்ணை அள்ளிப் போட்டேன். இல்லாத பொருளை அவளோடு சேர்ந்து தேடினேன். அவள் அவ்வப்போது நிறுத்தி, முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்ப்பாள். நான் சல்லடையைப் பார்ப்பேன்.

திங்கள்கிழமையும் சலித்தாள். தாழ்வாரம் முடிந்து, தெருவோரம் வரை. செவ்வாய்க்கிழமையும். சல்லடையின் கம்பி வலை ஒரு பக்கம் அறுந்துவிட்டது. அந்த இரண்டு நாளும் நான் பள்ளிக்கூடம் போவதற்கு முன்னும் வந்த பின்னும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிடிக்கும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பேன். மூடிக்கொள்வேன்.

புதன்கிழமை சாயங்காலம் நைனா வந்தார். இரண்டு பாதத்திலும் கொப்புளம். போகும்போதே வெயிலில் ஐஸ் பாதிக்குமேல் கரைந்துவிட்டதாம். இருந்ததை வைத்துக் குத்திவிட்டு வந்தேன் என்றார். சின்னம்மா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனாள். நைனா தண்ணீரில் காலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

"நைனா. ஜெட்ட நான்தான் எட்த்தேன்."

கண்ணைத் திறந்தார்.

"நான் எட்த்து கடுக்கா மூட்டையில போட்டுட்டேன். சின்னம்மா தொலைக்கல."

அடி விழும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். விழவில்லை. நைனா என்னை நீளப் பார்த்தார். சமையல்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"அவ சொல்லச் சொன்னாளா?"

"இல்ல நைனா, நெசமா..."

"வாணாம் கண்ணு. அவளுக்காக நீ பழிய ஏத்துக்கறியா? என் தங்கமே. உங்க அம்மா மனசு அப்டியே உனக்கு." ஈரக் காலோடு என்னை இழுத்துத் தூக்கி மடியில் உட்காரவைத்துக்கொண்டார். என் தலையில் முகத்தை வைத்துக்கொண்டார். வியர்வையும் டிங்சர் வாசனையும் கலந்த நைனா வாசனை. ஐப்பசியிலிருந்து நான் காத்திருந்தது அதற்குத்தான். "என் பொண்ணு ஒருத்தி போதும் எனக்கு" என்றார்.

நான் மறுபடியும் சொல்லியிருக்கலாம். "நெசமாத்தான் நைனா" என்று ஒரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தால் போதும். நான் அவர் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

எட்டாம் நாள் நைனா மறுபடி போய்ப் பார்த்தபோது பாதிப் பேருக்குக் கொப்புளம் எழும்பவில்லை. பால் கெட்டிருந்தது. திரும்பப் பால் வரவழைத்துக் குத்துவதற்குள் அந்த ஊரில் இன்னும் மூன்று பேருக்கு அம்மை கண்டது. யாரும் சாகவில்லை. இதை நான் பலமுறை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் சாகவில்லை என்று. அடுத்த வருஷம் செங்கம் சந்தையில், முகமெல்லாம் புதுத் தழும்போடு புளி விற்க உட்கார்ந்திருந்த என் வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். எந்த ஊர் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மூங்கில் சிம்பை அடைத்துக்கொண்டு நைனா கிளம்பியிருந்தால் பால் கெட்டிருக்காது. அதை நைனா எப்போதாவது நினைத்தாரா என்று தெரியாது. அந்தக் கோபம் அவருக்கு எதிர்வீட்டுக்காரர்கள் பார்ப்பார்களே என்பதால் வந்தது என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. முன்பு ஒருமுறை அவர்கள் சிரித்ததை அவர் மறந்திருக்கவில்லை.

புது ஜெட்டு பஸ் டிரைவர் கையில் வந்தது. நைனாவே மாட்டினார். திருகாணியைத் திருப்பி வைக்கத் தெரியவில்லை. தூசி அடைத்ததும் மறுபடி ஊக்கை எடுத்தார். வண்டி பழையபடி நின்ற இடத்தில் அணைந்தது. ஆயில் கலக்கும் வேலை எனக்கே திரும்பி வந்தது. கோடு தாண்டாமல் ஊற்றினேன். நைனா பேசாமல் புனலைப் பிடித்துக்கொண்டிருந்தார். காலையில் அவர் வாசலில் உதைக்கும்போது உள்ளே சின்னம்மாவின் கை நின்றுவிடும். அரிசி களைந்துகொண்டிருந்தால் தண்ணீருக்குள்ளேயே நிற்கும். என்ன கோளாறு என்று அவளுக்குத் தெரியும். எழுந்து போக மாட்டாள். எனக்குத் தலை வாருவாள், சாப்பாடு போடுவாள், காய்ச்சல் வந்தால் பத்துப் போடுவாள். கண்ணு என்று மட்டும் கூப்பிடவில்லை.

பங்குனியில் நைனா வண்டியை விற்றுவிட முடிவுசெய்தார். செங்கத்து மண்டிக்காரர் ஒருவரின் மகன் துணைக்கு ஒரு ஆளோடு பார்க்க வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும், வெள்ளைச் சட்டை. ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து வாசலில் நிறுத்தினான். அணைந்தது. நைனா உதைத்தார். பிடித்தது, இருமியது, அணைந்தது. மறுபடி. மறுபடி.

"வேணாங்க," என்றான் அவன். "ஓடற வண்டி நின்னும் ஓடணும்ங்க. சந்தைக்கு எட்த்துக்கினு போய்ட்டு ஜனத்து நடுவுல உதைச்சிக்கினு நிக்கறதா?"

நைனா எதுவோ சொல்லப்பார்த்தார். மூச்சு வாங்கியது. அப்போது சின்னம்மா வெளியே வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள். யாரையும் கேட்கவில்லை. வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கரண்டிக் காம்பால் திருகாணியைத் திருப்பினாள். "உதைங்க" என்றாள், நைனாவைப் பார்க்காமல். நைனா உதைத்தார். பிடித்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு இழை திறந்தாள், இன்னும் ஒரு இழை, கொஞ்சம் திரும்ப மூடினாள். வண்டி இழைந்து, நின்ற இடத்திலேயே தட்டுத் தட்டென்று ஓட ஆரம்பித்தது. எதிர்வீட்டில் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

வாங்க வந்தவன் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான்.

"இவங்கள வூட்ல வெச்சிக்கினு எதுக்குங்க வண்டிய விக்கிறீங்க?"

நைனா சின்னம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்த்திகையில் பார்த்த அதே பார்வை. அப்போதும், அவ்வளவு நடந்த பிறகும், எனக்குள் அந்தப் பழைய எரிச்சல் ஒரு தரம் புரண்டது.

அவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். ஆலங்காயம் போகும் பஸ்ஸில் அவனோடு வந்தவனை ஏற்றிவிட நைனா கூடவே நடந்தார். வாசலில் சின்னம்மாவும் நானும் மட்டும் நின்றோம். ஒவ்வொரு வளைவிலும் சத்தம் மறைந்து மறுபடி வந்தது. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் முழுக்க நின்ற பிறகு, அதே திசையைப் பார்த்தபடி சொன்னாள்.

"நீதான் எட்த்தேன்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். கஞ்சி குடுக்கச்சே உன் வாயில பெட்ரோலு வாசன."

"அப்ப... மூணு நாளு சலிச்சியே?"

"மண்ணுல இல்லன்னு எனக்குத் தெரியாதா? நீ சொல்லுவியான்னு பாத்தேன். நான் சொன்னா நம்புவாங்களா, ரெண்டாந்தாரமா வந்தவ பேச்ச?"

"நான் நைனா கிட்ட சொன்னேன் சின்னம்மா. நெசமா சொன்னேன். அவருதான் நம்பல."

"கேட்டேன். அடுப்பாண்ட தான நின்னேன்." இப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். கோபமாகக்கூட இல்லை. "சொன்ன. அவரு நம்பல. தூக்கி மடியில வெச்சிக்கினாரு. நீ எறங்கல."

சொல்லிவிட்டு, நைனா வருவதற்குள் சோறு வடிக்க வேண்டும் என்று உள்ளே போய்விட்டாள்.